பத்து விரல் ரிப்போர்ட்

மகள் பத்தாவது முடித்த கோடையில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் சின்ன மிஷினோடு வந்திருந்தார். பத்து விரல் ரேகையைப் பார்த்தால் பிள்ளைக்கு எப்படிப்பட்ட மூளை, எந்த வேலைக்கு லாயக்கு என்று தெரிந்துவிடுமாம். எல்லாம் பிறவியிலேயே முடிவானதாம். அவர் பேச்சுக்கு முன்பே அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், மறுபடியும் சிவப்பு. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கடைசிவரை பதியவில்லை.

"பரவால்ல சார், சாஃப்ட்வேர் பாத்துக்கும்" என்றார் டைக்காரர்.

அடுத்த வாரம் வந்த வழவழப்பான ரிப்போர்ட்டில் பத்து விரலுக்கும் மார்க் இருந்தது. பதியாத ஆள்காட்டி விரல்தான் கணக்குக்கு உரியதாம். திறன் குறைவு, தொழில்நுட்பப் படிப்பு ஒத்துவராது என்று எழுதியிருந்தது. மகளோ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரத் துடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவள் கணக்கு மார்க் நடுத்தரம். அதை வைத்து எந்தப் பக்கமும் பேசலாம்.

"டிப்ளமோலாம் வாணாம். பிளஸ் ஒன்ல ஹிஸ்டரி குரூப் போதும்" என்றாள் மனைவி.

"பதியாத விரலுக்கு எப்படி மார்க் போட்டான்?"

"தாலித் தங்கத்தையே கல்லுல உரசிப் பாத்த சந்தேகப் பேர்வழி நீ. மிஷினு பொய் சொல்லுமா?"

சனிக்கிழமை மூவரும் ரேஷன் கடைக்குப் போனோம். மனைவியின் விரலை மிஷின் எடுக்கவில்லை. காத்திவாக்கத்தில் இறால் உரிக்கும் வேலை அவளுக்கு. லீவு நாளில் மகளும் கூட உட்காருவாள்.

"எறா உரிக்கிற கையில ரேகை எங்கம்மா கீது? கண்ணக் காட்டு" என்றார் கடைக்காரர்.

"இந்த மிஷினுக்கு சாஃப்ட்வேர் பத்தலமா" என்றாள் மகள்.

வரிசையில் யாருக்கும் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது.

மறுநாள் வீட்டில் எறா உரிக்கும்போது மனைவி கேட்டாள்: "சரி, ரிப்போர்ட்டு டூப்பு. அதுக்காக இவளுக்கு கணக்கு மூளை கீதுன்னு ஆயிடுமா?"

மகளுக்கு என் வம்சத்துக் கணக்கு மூளை என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன். அதை எந்த மிஷின் பார்த்துச் சொன்னது?

"சேந்து படிச்சாதானே தெரியும்" என்றாள் மகள், எறாவிலிருந்து கண்ணெடுக்காமல்.

மனைவி மகள் முன்னிருந்த எறாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கடைசி நாளுன்னியே. பிரவுசிங் சென்டருக்குப் போய் அப்ளிகேஷனப் போடு. கைய நல்லா கழுவிகினு போ, நாறுது."