வாசற்படியில் ஒரு காவல்

மலேசியாவின் ஈப்போவில் பள்ளி ஆசிரியையாக இருந்த நான், சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, மீனவப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கடலூர் முதுநகருக்கு வந்தேன். தங்கியது சிதம்பரத்தில், அப்பாவின் நண்பர் வீட்டு மாடி அறையில். தினமும் மதியம் ரயிலேறிப் போவேன்.

முதல் வாரம் சமுதாயக்கூடம் நிறைந்தது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். காரணம் புரியாமல் இருந்தபோது, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா நேராகவே கேட்டார். மீன் விற்பவர்.

"ஃபாரின்லேர்ந்து வந்து யாராச்சும் சும்மா சொல்லிக் குடுப்பாங்களா டீச்சர்? மதம் மாத்தப் போறீங்களா? இல்ல, புள்ளைங்கள போட்டோ எடுத்து அனுப்பறீங்களா?"

"ரெண்டும் இல்லம்மா. பாடம் மட்டும்தான்."

"அப்ப நானும் ஒக்காந்து பாக்கறேன்."

மறுநாளிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் கைப்பேசியை எடுத்தால் கழுத்தை நீட்டுவார். ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துத் திருத்தினால் எழுந்து பக்கத்தில் வருவார். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. மற்ற வீடுகளில் சொல்லிப் பிள்ளைகளைத் தடுப்பது இவர்தானோ?

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று ரயிலில் பலமுறை தோன்றும். ஆனால் நான் போய்விட்டால் அவர் நினைத்தது உண்மையாகிவிடுமே! சேவை, லட்சியம் எதுவும் அந்த மாதங்களில் கைகொடுக்கவில்லை. வீம்புதான் என்னை முதுநகரில் இறக்கிவிட்டது.

ஐப்பசி மழையில் காய்ச்சலோடு படுத்துவிட்டேன். ஒரு காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் அந்த அம்மா. என் விலாசத்தை என்றைக்கோ விசாரித்து வைத்திருந்தார்.

"ஓடிட்டீங்கன்னு நெனச்சேன்."

உள்ளே வந்தவர் அலமாரியைத் திறந்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். கோபம் வந்தது, தடுக்கத் தெம்பில்லை. அடுப்பில் பாத்திரம் காலியாக இருந்ததும் அவர் கண்ணில் பட்டது.

"சாப்ட்டு எத்தினி நாளாச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் கஞ்சி வைத்தார். கிண்டிக்கொண்டே, "வூட்ல யாரும் தேட மாட்டாங்களா? என்னா பிரச்சனை ஆயி இங்க வந்தீங்க?" என்று விசாரணையைத் தொடர்ந்தார்.

காய்ச்சல் விட்டு வகுப்புக்குப் போனபோது கூடத்தில் புது முகங்கள். அவர் மகள் சொன்னாள்: "அம்மாதான் டீச்சர் தெரு முழுக்கச் சொல்லிச்சு. ரூம நானே பூந்து பாத்துட்டேன், தப்பா ஒண்ணும் இல்ல, அனுப்புங்கன்னு."

வாசற்படியில் இருந்த அம்மாவிடம் போய் நன்றி சொன்னேன்.

"இருக்கட்டும். ஆனா எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரல," என்றார்.

ஆண்டு முடியும்வரை வகுப்பு நடந்தது. பிள்ளைகள் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொள்ளும்போது வாய்விட்டுச் சிரிப்பார். நான் திரும்பிப் பார்த்தால் சட்டென்று நிறுத்திக்கொள்வார்.