இத்தாவில் வந்த வெள்ளம்

என் கணவர் மவுத்தாகி முப்பத்தாறாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. நாற்பதாவது நாள் காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்களாம், ஆற்றை அண்டியிருப்பவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டுமாம்.

எங்கள் வீடு சவளக்கடையில், வயலுக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில். நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். உள்ளறையில் என் மகள் பஸ்லினா. பிள்ளை பெற்றுப் பத்தொன்பது நாள். மருமகன் கட்டாரில் வேலை. ஆக, வெளியே இறங்கக்கூடாத இரண்டு பெண்களும் ஒரு பச்சைக் குழந்தையும்தான் அந்த வீட்டில்.

எனக்கு அல்லாஹ்வின் மேல் கோபம்கூட வந்தது. அதை மறைக்க மாட்டேன். "ஆளை எடுத்தாய், ஆற அமர அழக்கூட விடவில்லையே" என்று கேட்டேன். பிறகு பாவமன்னிப்புக் கேட்டு எழும்பினேன்.

வீட்டை விட்டு இறங்கினால் இத்தா முறிந்துவிடும், அவருக்கு நான் செய்யும் கடைசிக் கடமை பாழாகிவிடும். எனக்குத் தெரிந்த மார்க்கம் அதுதான். சரியா பிழையா என்று யாரிடமும் கேட்கவில்லை. 'போ' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேனா, 'போகாதே' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேனா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

பத்து மணியளவில் பள்ளிவாசலால் டிராக்டர் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு ஹாஜரா ஜன்னலடியில் வந்து நின்றாள்.

"ராத்தா, வாங்க. டிராக்டர் பெட்டியில பொம்புளையளும் இரிக்காங்க."

"ஆம்புளையள் எத்தின பேர்?"

"ஒரு பத்துப் பேர் இரிப்பாங்க."

"அப்ப நீங்க போங்க. நாங்க மேல ஏறி இருந்துக்குவம்."

டிராக்டர் போய்விட்டது. மகள் என்னை முறைத்துப் பார்த்தாள்.

"உம்மா, நமக்கு மேல் வீடே இல்ல. எங்க ஏறப்போறீங்க?"

"கட்டில்ல" என்றேன்.

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது நான் சிரிக்கவில்லை. இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். மற்ற மாரிகளில் என் கணவர் நாலு ஆட்களைக் கூட்டிவந்து ஒரு மணித்தியாலத்தில் முடிக்கிற வேலை அது. இந்த முறை உள்ளே வர ஆண் இல்லை, மகளைப் பாரம் தூக்க விடவும் ஏலாது. குளிர்சாதனப் பெட்டியை எப்படி உயர்த்துவது? உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, உலக்கையை அடியில் கொடுத்து நெம்பி, ஒரு பக்கம் கிளம்பியதும் காலால் சீமெந்துக் கல்லைத் தள்ளினேன். பிறகு மறுபக்கம். ஒரு பெருவிரல் நகம் போனது. ஆனாலும் பெட்டி உயர்ந்தது. அதே மாதிரிக் கட்டிலின் நான்கு கால்களுக்கும் இரண்டிரண்டு கல். அரிசி மூடையைப் பாதி பாதியாகப் பிரித்து அலுமாரியின் மேல் ஏற்றினேன். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள், அவருடைய மரணச் சான்றிதழ், பேரனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். கிணற்று வாயை மூடிக் கட்டினேன். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டினேன். மலசலகூடக் குழிக்குள் மண் பையை அமுக்கினேன், இல்லாவிட்டால் ஊத்தைத் தண்ணீர் முதலில் அந்த வழியால்தான் வரும். கோழிகளை அவிழ்த்து விட்டேன், மாமரம் அவைகளின் பாடு. கடைசியில், பழைய உரப் பைகளில் முற்றத்து மண்ணை நிரப்பி வாசல் கதவுக்கு உட்பக்கமாக இடுப்பளவுக்கு அடுக்கினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு நான் நிமிர்ந்தபோது முதுகு முறிந்ததுபோல் இருந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை. வரட்டும் தண்ணீர், பார்ப்போம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வந்தது. வாசலால் வரவில்லை. சுவரின் அடியாலும் குசினிக் கதவின் கீழாலும் சத்தமில்லாமல் வந்தது. பத்து மணிக்கு முழங்கால். நடுப்பகல் லுஹருக்குத் தொடை. நாங்கள் மூவரும் கட்டிலில். அடிப் பலகை நனையத் தொடங்கியது. பேரன் பால் குடித்துவிட்டு ஒன்றும் அறியாமல் தூங்கினான். மகள் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள்.

கட்டிலிலேயே இருந்தபடி லுஹர் தொழுதேன். பிறகு கையேந்தினேன். அதுவரை நான் கேட்ட துஆவெல்லாம் தண்ணீரை நிறுத்து, தண்ணீரை நிறுத்து என்பதுதான். அல்லாஹ்வுக்கே வேலை சொல்லிக் கொடுப்பதுபோல் கேட்டிருக்கிறேன். அந்த நேரம் பேரனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என் பிடிவாதம் அப்படியே உதிர்ந்தது. "யா அல்லாஹ், எனக்குத் தெரியவில்லை. இருப்பது சரியா, போவது சரியா? நீயே சொல்லித் தா. இந்தப் பிள்ளையை என் பிழைக்காகப் பிடிக்காதே" என்று வாய்விட்டு அழுதேன்.

முகத்தை இன்னும் துடைக்கக்கூட இல்லை, அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. மௌலவியின் குரல்.

"இத்தாவில இரிக்கிற தாய்மாருக்கு ஒரு அறிவித்தல். உயிருக்கு ஆபத்து என்டா வீட்ட விட்டு வெளியேறலாம். அதால இத்தா முறியாது. போற இடத்தில இருந்து மிச்ச நாளப் பூர்த்தியாக்கலாம். பிள்ள பெத்த தாய்மாரும் உள்ளுக்க இரிக்க வேணாம். தோணி வருகுது."

 கேட்ட கேள்விக்கு நேரே பதில்.

கல்முனை மீனவர்கள் லொறிகளில் தோணிகளை ஏற்றி வந்திருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் ஒன்று எங்கள் முற்றத்துக்கு வந்தது. பின்னால் ஒருவர் கம்பு ஊன்றிக்கொண்டு நின்றார். முன்னால் நெற்றியில் பொட்டோடு ஒரு பெண்.

"அக்கா, நான் புஷ்பம். இந்த வீட்டில ஆம்புளையளுக்கு முன்னால வராத ஆக்கள் இருக்காங்க எண்டு பள்ளியில சொன்னாங்க. அதான் நானும் ஏறி வந்தன். இவர் அங்கால திரும்பி நிப்பார். நீங்க பயப்படாம வாங்க."

கதவு திறக்கவில்லை. நான் அடுக்கிய மண் பைகளைத் தண்ணீருக்குள் குனிந்து நானே இழுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு கவனமாக அடுக்கினேனோ அவ்வளவு பாடு. வெளியேயிருந்து புஷ்பம் தள்ளினாள். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் முதலில் பேரனை அவளிடம் கொடுத்தேன். அந்த மனிதர் தண்ணீரில்லாத வீதி வரும்வரை ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. பாவம், கழுத்து வலித்திருக்கும்.

அங்கிருந்து வேனில் நிந்தவூருக்கு, என் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் போனோம். அன்றிரவு மகள் சொன்னாள்.

"உம்மா, ஏசக்கூடா. நான்தான் காலையில மௌலவிட பொஞ்சாதிக்குப் போன் பண்ணிக் கேட்டன். உங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க, பள்ளியில சொல்லச் சொல்லுங்க என்டன்."

ஏசவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அப்படியென்றால் அது என் துஆவுக்கான பதில் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். நான் கையேந்துவதற்கு முன்பே அந்தப் பதிலைப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் மனதில் போட்டவன் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒன்பது நாளில் வீடு திரும்பினோம். நாங்கள் நம்பியிருந்த கட்டில் புரண்டு அறையின் மறுமூலையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் பேரனை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அலுமாரியின் மேலிருந்த அரிசியும் பத்திரங்களும் தப்பியிருந்தன. சேற்றைக் கழுவி, மீதி நாட்களை அங்கேயே இருந்து இத்தாவை முடித்தேன். எல்லாப் புகழும் அவனுக்கே.

இப்போதும் மாரி வந்தால் கல் அடுக்குகிறேன், பை நிரப்புகிறேன். ஆனால் பைகளைக் கதவுக்கு வெளியே வைக்கிறேன், உடுதுணிப் பையைக் கதவடியில் வைக்கிறேன். அத்தோடு ஊரில் யார் இத்தாவில் இருக்கிறார்கள், யார் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று முதலே விசாரித்து வைத்துவிடுகிறேன். சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். பதில் எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

சென்ற மாரியில் அறிவித்தல் வந்த உடனே நான் போன முதல் வீடு சித்தி நிஸாவுடையது. முப்பது வயதுதான். இத்தாவில் இருபத்திரண்டாம் நாள். வெள்ளைச் சேலையோடு கதவின் பின்னால் நின்றாள்.

"நான் வரேலா மாமி. அவர்ர வீட்ட விட்டுட்டு எப்படி வாற?"

அவளிடம் நீட்டி முழக்கிப் பேச எனக்கு வரவில்லை.

"புள்ள, அல்லாஹ்வுக்கு இந்த வீட்டு விலாசம் மட்டுமா தெரியும்?"

 அழுதுகொண்டே என் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். தண்ணீர் அப்போது இன்னும் ஊருக்குள் வரவில்லை.