வெள்ளிக்கிழமை மதியம் ஆகாது

கீபோர்டின் இரண்டு பொத்தான்கள்மேல் காகிதத் துண்டு வெட்டி ஒட்டியிருந்தேன். ஒன்றில் 'ஆகும்', இன்னொன்றில் 'ஆகாது'. மூன்றே நாளில் 'ஆகாது' என்ற துண்டு பலாப்பிசின் ஏறிக் கறுத்துப்போனது. கொல்லிமலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் பலாச்சுளை தின்றுகொண்டே அந்தப் பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு முறையும் விரல் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்கும். அதை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. அவரைவிட என்மேல்தான் அதிக அருவருப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் கணினித் துறை ஆராய்ச்சி மாணவி. பள்ளிக்கூட அட்டவணை போடுவது எங்கள் துறையில் பழைய தலைவலி. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்கக் கூடாது, கணக்குப் பாடம் தினமும் வேண்டும் என்று நிபந்தனைகளை முழுதாக எழுதிக் கொடுத்தால் அட்டவணையைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். அவற்றை எழுதுவதற்குத்தான் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளே வேண்டாம், நிபந்தனைகளையும் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கட்டும் என்பது எங்கள் கைடின் யோசனை. பழைய அட்டவணைகளைக் கொடுத்தால் நாங்கள் எழுதிய கணினி நிரல் அவற்றைப் பார்த்து விதிகளை ஊகிக்கும். சந்தேகம் வந்தால் ஒரு துண்டு அட்டவணையைத் திரையில் காட்டி, இது ஆகுமா ஆகாதா என்று கேட்கும். ஏன் என்று மட்டும் கேட்காது. அதைக் கேட்க நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பள்ளியில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். அதே மலையில் வாழவந்தி நாட்டுக்காரர், முப்பது வயதிருக்கும், தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் கீழிருந்து வந்த ஆசிரியர்கள் நான்கு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு சோளக்காடு ஊருக்குப் போய்க் கீழிறங்கும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். வகுப்பில் யாருக்கும் காணக் கிடைக்காத சுறுசுறுப்பு அவர்களுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்தோ வரும். நால்வரில் தலைமையாசிரியரும் ஒருவர். அதன்பிறகு எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து மாலைவரை கட்டி மேய்ப்பது தையல் டீச்சர் ஒருவர்தான். இத்தனைக்கும் தபால் வழியில் பி.ஏ. முடித்தவர். அதே வழியில் பி.எட். படிக்கவும் இடம் கிடைத்திருந்தது. அதை முடித்தால் தமிழாசிரியர் வேலைக்குப் போகலாம். ஆனால் நாமக்கல்லில் வார இறுதி நேர்முக வகுப்பு வெள்ளி பிற்பகலில் தொடங்கிவிடும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"ஏனுங்க மேடம், உங்க பொட்டிகிட்ட எனக்கு வெள்ளிக்கெழம மத்தியானம் மட்டும் கேட்டுப் பாருங்க. வேறெதும் வேண்டாமுங்க" என்றார். சாமியிடம் வேண்டுவதுபோல இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். கேட்டுப் பார்க்கிறேன் என்று நானும் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன்.

நிரல் கேட்கக் கேட்கத் தலைமையாசிரியர் பதில் அழுத்தினார். நால்வரில் யாருக்காவது வெள்ளி மதியம் வகுப்பு இருப்பதாகத் திரை காட்டினால் "ஆகாதுங்க" என்று வாயாலும் சொல்லி விரலாலும் அழுத்துவார். தையல் டீச்சருக்கு அந்த நேரத்தில் அறிவியல், கணக்கு, ஆங்கிலம் எதைக் காட்டினாலும் ஆகும். நாங்கள் கொடுத்திருந்த பழைய அட்டவணைகளும் அதையேதான் சொல்லின. ஆக, நான்கு பேரின் சோம்பேறித்தனத்தை எங்கள் நிரல் நான்கு விதிகளாக எழுதிக்கொண்டது. ஒரு ஆசிரியர் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது என்ற விதிக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தில், அதே மரியாதையோடு அவையும் உட்கார்ந்திருந்தன. பிறகு தையல் டீச்சரின் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினேன். அந்த நேரத்துக்கு வேறு ஆளே இல்லாததால் 'விடை இல்லை' என்று வந்தது.

எனக்கு விளங்காமல் இல்லை. மறுநாள் தனியாக உட்கார்ந்து, அந்த நான்கு விதிகளில் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டினேன். கண் சிமிட்டும் நேரத்தில் அட்டவணை வந்துவிட்டது. நால்வரில் ஒருவர் வெள்ளி மதியம் தங்கினால் போதும். அச்செடுத்துக்கொண்டு கீழே போய்க் கைடிடம் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"நீ கையால ஒரு விதியை எடுத்துட்டா, எல்லாம் தானா நடக்குதுன்னு எப்படிம்மா எழுதுறது? உனக்குப் பட்டம் வேணுமா வேண்டாமா?"

எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் சொன்ன பதில்களோடு நிரலின் விதிகள் நூற்றுக்கு நூறு பொருந்தின என்று ஆய்வேட்டில் எழுதினேன். பொய்யில்லை. அப்படியே பொருந்தின. அவர் மனதில் இருந்த அழுக்கு உட்படப் பொருந்தின. கம்ப்யூட்டரே ஆகாதுன்னு சொல்லிருச்சு என்று அவர் தையல் டீச்சரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ் ஏறும்போது அந்த அம்மாள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க கண்ணு. நீங்க கேட்டீங்க, அது இல்லைன்னுருச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க?" மிளகு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பட்டம் வந்தது, வேலை வந்தது. ஆறேழு வருடம் கழித்து, உண்மையைச் சொல்லிவிட்டாவது வருவோம் என்று மலையேறினேன். போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். புது ஆட்களும் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் போட்ட அட்டவணை கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியிருந்தது. கூடத்தில் பிள்ளைகளோடு தையல் டீச்சர் மட்டும். பி.எட். அந்த வருடமே நின்றுபோனதாம். இன்னும் தற்காலிகம்தான். வாசலுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நிரலில் இருந்த நான்கு விதிகள், அவற்றைச் சொன்னது யார், ஒன்றை எடுத்ததும் வந்த அட்டவணை, நான் வாயை மூடிக்கொண்டது.

அவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, ஆகாதுன்னு சொன்னது பொட்டி இல்லீங்களா?"

"இல்லீங்க. அவங்கதான்."

"பொட்டிக்கு நம்ம மேல என்ன பகை இருக்கப்போவுதுன்னு நெனச்சுச் சும்மா இருந்துட்டேனுங்க. மனுசங்கதான்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அந்த பஸ்ஸுக்கு முன்னால போய் நின்னு சண்டை போட்டிருப்பேனுங்களே."

சொல்லிவிட்டு, என்னிடம் வேறொன்றும் கேட்காமல் பிள்ளைகளிடம் போய்விட்டார்.