பனியன் ஓரத்து மஞ்சள்

இங்கே கிங்ஸ்பரியில் உள்ள தமிழ்க் கடையில் மஞ்சள் தூள் பை பிரிந்து என் சட்டைக் கையில் கொட்டிவிட்டது. அந்த மணத்தோடு அம்மாவின் தையல் மெஷின் சத்தமும் வந்தது.

அப்போது எங்கள் மேல்மாடியில் ஒரு மொரோக்கோ கால்பந்து வீரர் குடியிருந்தார். தன் நாட்டு அணிக்கு முதன்முதலாக ஆடப் போகுமுன், ஜெர்சிக்கு உள்ளே போட வாங்கிய வெள்ளைப் பனியனைச் சிறிதாக்கித் தரும்படி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தைத்து முடித்த கையோடு, வழக்கம்போல் அதன் ஓரத்தில் மஞ்சளும் தொட்டு வைத்துவிட்டார்.

"மற்றவன்ர வெள்ளை உடுப்பில ஏனப்பா மஞ்சள் பூசினனீர்?" அப்பா தலையில் கைவைத்தார்.

"புது உடுப்பைப் பூசாமல் குடுக்க ஏலுமே?"

மேல்மாடி வீரர் பனியனை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கோல் அடிக்கும் ஆள் அல்ல. நடுக்களத்தில் பந்தைப் பறித்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர். டிவியில் முகம் அதிகம் வராது. ஆனால் அந்த முதல் ஆட்டம் முடிந்து, எதிரணி வீரரோடு மாற்றிக்கொள்ள ஜெர்சியைக் கழற்றினார். பனியன் ஓரத்தில் மஞ்சள்! நாங்கள் சோபாவில் ஏறி நின்று கத்தினோம்.

அவர் பெரிய வீட்டுக்கு மாறிய பிறகும், ஒவ்வொரு தொடருக்கு முன்னும் புதுப் பனியனோடு வந்து, "ஆன்ட்டி, யெல்லோ" என்று நீட்டுவார். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அவருடைய கடைசி ஆட்டத்தில் மைதானமே எழுந்து கைதட்டியது. அம்மா மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்கோவன்."

கடைக்காரர் துணியோடு ஓடி வந்தார். "ஐயோ தம்பி, துடைச்சு விடட்டே?"

"வேண்டாம் அண்ணை," என்றேன். "புதுச் சட்டைதான்."