ராத்தா வீட்டில் இருந்த கட்டில்

அந்தச் சின்னக் கட்டிலைப் புதுக்குடியிருப்பில் வாங்கி, இவருடைய லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்றுக்கு வந்தோம். எங்கள் வீட்டுப் படலை வந்ததும் பழக்கத்தில் இவர் வேகத்தைக் குறைத்தார். "நிப்பாட்டாதேங்கோ, நேர போங்கோ" என்று பெட்டியிலிருந்து நான் போட்ட சத்தத்தில் வேலியோரம் நின்ற கோழிகள் சிதறி ஓடின. நேரே பக்கத்து வளவுக்குப் போய், ராத்தா வீட்டு விறாந்தையில் கட்டிலை இறக்கினோம். இவர் என்பது என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ராத்தா பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என் கோபத்தைக் காசுக்கும் மதிக்காத ஒரே ஆள்.

எங்கள் காசில் வாங்கிய கட்டில் ஏன் எங்கள் வீட்டுக்குள் போகவில்லை என்று கேட்கலாம். பிள்ளை வருமுன்னர் பிள்ளையின் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயிற்றுப் பிள்ளைக்கு முன்கூட்டிச் சட்டை தைக்க விடமாட்டார்கள். பிறந்த பிள்ளையைப் பழஞ்சேலைத் துண்டில் சுற்றி எடுத்த பிறகுதான் கடைக்கே போவார்கள். பொறுக்கமுடியாமல் ஏதாவது வாங்கினாலும் அது வேறு யார் வீட்டிலாவதுதான் இருக்கும்.

முன்பு இதையெல்லாம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் பாமசியில் வேலை செய்கிறவள், மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் நம்புவேன் என்று வாய் காட்டிக்கொண்டு திரிந்தேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது சட்டை, தொப்பி, சவர்க்காரம் எல்லாம் வாங்கி அலுமாரியில் அடுக்கினேன். இவர் அறையின் கூரை வளையில் இரும்புக் கொளுக்கி ஒன்றை இறுக்கி, ஏணை கட்டுவதற்குக் கயிறும் போட்டுவிட்டார். மாதம் நிறைந்துதான் பிறந்தான். உயிர் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து அறைக்குள் நுழைந்தபோது அந்தக் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. துணுக்காயிலிருந்து வந்திருந்த மாமி, இவருடைய அம்மா, அதைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்றா. அந்த ஒரு வசனத்துக்காக அவாவோடு வருசக்கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் கோபப்பட்ட நான்தான் அதை நம்பவும் தொடங்கினேன். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை. கயிற்றை அவிழ்த்தோம். கொளுக்கியைக் கழற்ற இருவருக்கும் மனம் வரவில்லை.

நாற்பதை நெருங்கும்போது இவர்தான் கதையைத் தொடங்கினார். "ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பமே?" என்றார், உழவைப் பற்றிக் கேட்பதுபோல. ஊர் கேட்டதும் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஆற்ற பிள்ளையோ, என்ன பரம்பரையோ என்று ஒருத்தி என் காதுபடவே இழுத்தாள். "எங்கட பரம்பரையில எல்லாரும் தேவாரம் பாடிக்கொண்டு இருந்தவையோ?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதேன்.

பிள்ளைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து ஒரு இளம் அலுவலர் வந்து வீட்டைப் பார்த்தார். நாங்கள் மிஸ் என்போம். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். பிள்ளை எந்த அறையில் படுக்கும் என்று கேட்க, கழுவித் துடைத்திருந்த அறையைக் காட்டினேன். திருப்திப்பட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பரந்தன் சந்திக்கு பஸ் எடுத்துப் போய், அங்கிருந்து ஓட்டோவில் பிள்ளைகள் இல்லத்துக்குப் போகத் தொடங்கினோம்.

அவளுக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் நாங்கள் கொண்டுபோன விசுக்கோத்தைப் பார்த்தார்கள். இவள் இவருடைய கையைப் பார்த்தாள். "ஏன் அங்கிள் நகமெல்லாம் கறுப்பு?" என்றாள். லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவன், எண்ணெய்க் கறை என்றார் இவர். "லாண்ட்மாஸ்டருக்கு கோர்ன் இருக்கோ?" "இல்லையே பிள்ளை." "கோர்ன் இல்லாட்டி ஆக்களுக்கு எப்பிடித் தெரியும், நீங்க வாறியள் எண்டு?" திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இவர் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பை நான் கன காலமாகக் காணவில்லை. அந்தப் பிள்ளைதான் வேண்டும் என்று எனக்கு அந்த பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

அடுத்த கிழமையே இவர் முல்லைத்தீவு ரவுனில், அமத்தினால் ஊதும் ரப்பர் குமிழ் வைத்த கோர்ன் ஒன்றை வாங்கி வந்தார். அதையும் நான் ராத்தா வீட்டுக்கு அனுப்பினேன். "இது என்ர வண்டியின்ர சாமானெல்லோ?" என்றார். "அவளுக்காக வாங்கினது எண்டா அவளின்ர சாமான்தான்" என்றேன். கோட்டில் தத்தெடுக்கும் வழக்கு முடிந்து, பிள்ளை எங்களுடையது என்று ஆன பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவருவோம் என்பது என் திட்டம். அப்படியே ராத்தாவின் பின்னறை நிறைந்தது. கட்டிலின் கூர் மூலைகளை இவர் அங்கே இருந்தே தேய்த்து மழுக்கி, நீல வர்ணம் அடித்தார். பூப் போட்ட சின்னச் சோற்றுக் கோப்பை, நுளம்பு வலை, மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை, சீப்பு. வேலை விட்டு வந்ததும் ராத்தா வீட்டுக்குப் போய்ச் சட்டைகளை எடுத்து மடித்து, மடித்ததையே திரும்ப மடித்து வைத்துவிட்டு வருவேன். வயிறு ஊதாமலே எனக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் பின்னேரம் கொண்டுவந்து விடலாம் என்று மிஸ் சொன்னார். நான் போய் பஸ்ஸில் கூட்டிவந்தேன். இவர் வண்டியைக் கழுவித் துடைத்து, பஸ் நிற்கும் இடத்தில் காத்துக்கொண்டு நின்றார். அவள் இறங்கியதும் முதல் வேலையாக வண்டியின் கைப்பிடியைத்தான் பார்த்தாள்.

"கோர்ன் எங்க அங்கிள்?"

இவர் என்னைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்று நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். "பிறகு பூட்டுவம் பிள்ளை" என்றார். அவள் "ம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் முதுகிலிருந்த பையைக் கழற்றவில்லை. அறை அறையாகப் போனாள். அலுமாரியைத் திறந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குனிந்து எங்கள் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். நான் பின்னாலேயே திரிந்தேன், பூரித்துப்போய். பார், வந்த உடனேயே உரிமை கொண்டாடுகிறாள் என்று இவருக்குக் கண்ணைக் காட்டினேன். வளையில் இருந்த கொளுக்கியை அண்ணாந்து பார்த்து, "அது என்னத்துக்கு?" என்று கேட்டாள். "சும்மா" என்றார் இவர்.

மத்தியானம் இவருடைய பெரிய கோப்பையில்தான் சோறு போட்டேன். சோற்றுக்கு மேலால் எட்டி எட்டிச் சாப்பிட்டாள். ராத்தா பிள்ளைக்கு இனிப்பாக வட்டிலப்பத்தோடு வந்தவர், என்னைக் குசினிக்குள் இழுத்து, "கூட்டிக்கொண்டு வா புள்ள, கட்டிலையாவது காட்டுவம்" என்றார். "கோட்டில முடியட்டும் ராத்தா" என்றேன். "நீ ஒரு மனுசி" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சாப்பிட்ட பிறகு பிள்ளைக்குக் கண் சொருகியது. "அன்ரி, நான் எங்க படுக்கிறது?" என்றாள். இப்போதைக்குப் பாயில் படுங்கோ என்று விறாந்தையில் பாயை விரித்தேன். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். செருப்பைப் படியில் விடாமல் பாய்க்குப் பக்கத்தில், வாசலைப் பார்க்க, சோடியாக வைத்திருந்தாள். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று அதற்கும் நான் பூரித்தேன்.

இரண்டு கிழமை கழித்து மிஸ் வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, பிள்ளை திரும்பி வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"ஏனாம்?"

"அங்க எனக்கு ஒண்டும் இல்லை, அவை என்னைச் சும்மா பாக்கத்தான் கூப்பிட்டவை எண்டு சொல்லுறாள். போனா எல்லாம் இருக்கும் எண்டு இல்லத்தில சொல்லி விட்டவையாம். வீடு முழுக்கத் தேடிப் பாத்தவளாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மிஸ்ஸின் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு, ராத்தா வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து காட்டினேன். "இதுகள் ஆருக்கு மிஸ்? சொல்லுங்கோ, ஆருக்கு?" என்று கத்தினேன். மிஸ் கட்டிலைப் பார்த்தார், சட்டைகளைப் பார்த்தார். கோர்னைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டில் நுனியில் மெல்ல இருந்தார். அந்தப் பெண்ணும் எங்கள் பக்கத்து ஆள்தான், காரணத்தை நான் விளக்க வேண்டி இருக்கவில்லை.

"அக்கா, அந்த வழக்கம் பிறக்கப்போற பிள்ளைக்கெல்லோ" என்றார். "இவள் பிறந்து ஆறு வருசமாச்சு."

உயிரோடு வீட்டுக்குள் நடந்து திரிந்த ஒரு பிள்ளையை, இன்னும் பிறக்காதவள் என்று எண்ணி நான் காவல் காத்திருக்கிறேன். செத்துப் பிறந்தவனுக்காகப் பயந்த பயம் எல்லாம் அவள் தலையில் விழுந்திருக்கிறது.

ராத்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கள ஊர விட்டு விரட்டி, புத்தளத்தில கிடந்து திரும்பி வந்த அண்டைக்கு இந்த வளவுல ஒண்டுமே இல்ல, காடு" என்றார். "பக்கத்து வளவுக்காரி ஓடி வந்து ஒரு கதிரையத் தந்தா. இரி எண்டா. அந்தக் கதிரைலதான் ராத்தா இந்த ஊருக்குத் திரும்பி வந்த. அந்தப் புள்ளைக்கும் அப்பிடி ஒண்டு வேணும்தானே." ராத்தாவுக்குக் கதிரை கொடுத்தது நான்தான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்தோம். பட்டப்பகலில், ஊர் பார்க்க, இவரும் ராத்தாவின் மகனும் கட்டிலைத் தூக்கிவர, நான் சட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். கொளுக்கிக்குக் கீழேதான் கட்டில் சரியாகப் பொருந்தியது. இவர் கொளுக்கியில் நுளம்பு வலையைக் கட்டினார். சட்டைகளை அலுமாரியில் தொங்கவிட்டேன், கோப்பையைக் குசினித் தட்டில் வைத்தேன். மிஸ் அறையைத் தன் ஃபோனில் படம் பிடித்தார். "கொண்டுபோய்க் காட்டுறன் அக்கா, பாப்பம்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் வந்தால் என்ன சமைப்பது என்றுகூட இவரோடு கதைத்தேன்.

ஞாயிறுக்கு முன்னரே மிஸ் ஃபோன் எடுத்தார். படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, "இது ஆற்ற பிள்ளையின்ர கட்டில்?" என்று கேட்டாளாம். உன்னுடையதுதான் என்று மிஸ் சொல்லியிருக்கிறார்.

"இல்லை மிஸ்" என்றாளாம். "நான் போகேக்க இது அங்க இருக்கேல்லை. இது வேற ஒரு பிள்ளைக்கு."

அதற்குப் பிறகும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நாங்கள் போனால் விளையாடுவாள், விசுக்கோத்து வாங்குவாள். வீடு என்று வாய் எடுத்தால் எழுந்து போய்விடுவாள். மழை தொடங்கும் காலத்தில் வவுனியாவிலிருந்து ஒரு ஆசிரியத் தம்பதி அவளைப் பார்க்க வந்தார்கள். அவர்களோடு போகச் சம்மதித்தாள். நல்ல ஆட்களாம். சந்தோசம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். பொய். ஃபோனை வைத்துவிட்டு அந்தச் சின்னக் கட்டிலில் சுருண்டு படுத்து, கத்தி அழுதேன். இவர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

போகும்போது அவளிடம் கொடுக்கச் சொல்லி இரண்டு சட்டையையும் மிஸ்ஸிடம் அனுப்பினேன். யார் தந்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனாளாம்.

"கட்டில திருப்பி எங்கட வீட்ட வைப்பமோ புள்ள? பாத்துப் பாத்து நோகுமே" என்று ராத்தா கேட்டார். வேண்டாம் என்றேன். அது கொளுக்கிக்குக் கீழேயே இருக்கிறது. விரிப்பை மாற்றுகிறேன், வலையைக் கழுவிக் கட்டுகிறேன். மிஸ் வேறொரு பிள்ளையைப் பற்றி மெல்லக் கதை எடுக்கிறார். வரும் பிள்ளை முதல் நாளே பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம், வேறு ஒரு பிள்ளைக்கு என்று அவள் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்றுதான் நினைக்கிறேன்.

கோர்னை இவர் கைப்பிடியில் பூட்டிவிட்டார். பின்னேரம் வயலால் வரும்போது, படலைக்கு வர முன்னரே ஒருக்கால் அமத்துவார். நான் எழும்பிப் போய்ப் படலையைத் திறந்துவிடுவேன்.