ஆத்துவாய் தாண்டிப் போன காய்

போடியில் சைக்கிள் பழகியவளுக்கு மேடு தெரியும், இறக்கம் தெரியும். சமதரை தெரியாது. கடலோரத்துக்குக் குடிபோன பிறகுதான் சமதரை என்றால் என்ன என்று என் காலுக்குப் புரிந்தது. பொம்பளை சைக்கிள் ஓட்டலாமா என்று அப்போது கேட்டவர்கள் நிறையப் பேர். யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை. வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். இப்போது எழுதுகிறேன், இதில் கூச்சமில்லை.

எங்கப்பா போடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மலைத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் கடையில் வண்டி எடுத்து முந்தல் வரைக்கும் மிதிப்பார்கள். முந்தல்தான் அடிவாரம். அதற்கு மேல் சைக்கிள் ஏறாது. அங்கே டீக்கடைச் சுவரில் சாத்திவிட்டு நடந்தோ ஜீப்பிலோ மலையேறிவிடுவார்கள். வண்டியைத் திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டும். எங்கப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அதனால் நான் போவேன். போகும்போது நடை. வரும்போது ஒன்றில் ஏறிக்கொண்டு, இன்னொன்றின் ஹேண்டில்பாரை இடது கையால் பிடித்துக் கூடவே உருட்டிக்கொண்டு வருவேன். இறக்கம் என்பதால் மிதிக்கவே வேண்டாம். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது, சைக்கிளும் நின்றது. பள்ளிக்கூடம் நின்றதற்கு நான் அழவில்லை.

கட்டிக்கொடுத்த இடம் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். எங்கள் ஊரில் காய் என்று சொன்னால் ஏலக்காய்தான். மற்றக் காய்க்கெல்லாம் பேர் சொல்ல வேண்டும். விடிந்து பொழுது அடைகிற வரைக்கும் முறத்தை மடியில் வைத்துக் காய் பொறுக்குவதுதான் அந்த வீட்டு மருமகள்களுக்குச் சோலி. பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. வீட்டை நடத்தியது என் வீட்டுக்காரரின் மூத்த அண்ணன். அவரை நாங்கள் பெரியத்தான் என்போம். அவர் முகத்துக்கு நேராக நிற்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. சொல்லியே ஆகவேண்டும் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று, அங்கே இல்லாத ஒருவரிடம் சொல்வது போல, சோறு ஆறுதுன்னு சொல்லு என்று சொல்ல வேண்டும். மற்ற மருமகள்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் கடைசித் தம்பி. வைகை கடலில் விழுகிற பக்கத்து ஊர்களில் காய்க்குக் கிராக்கி உண்டு, நெய்ச்சோறு ஆக்குகிற ஊர்கள் என்று யாரோ சொல்ல, வேறு யாரும் போகமாட்டேன் என்றதால் அவரை அனுப்பினார்கள். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒற்றை அறை, ஒரு அடுப்பு, முறம் கிடையாது. முதல் நாள் காலையில் எழுந்து, பொறுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நான் சிரித்ததாக அவர் சொல்லுவார்.

எங்கள் மலையில் பெய்கிற மழைதான் அந்த ஆற்றில் வருகிறது என்று பேர். ஆனால் அங்கே வந்து சேரும்போது வெறும் மணலும் உப்புச் சேறும்தான். கண்ணுக்கு முட்டுக்கொடுக்க ஒரு குன்று கிடையாது. உப்பளம், பனை, உடைமரம், அப்புறம் வானம். சாலை கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகும். முக்கால் மணி நேரம் மிதித்தாலும் எதிரே தெரிகிற பனை எதிரேயே நிற்கும். அவர் சைக்கிளின் பின்னால் பிஸ்கட் டின்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போவார். கடல் காற்று பட்டால் காய் நமத்து, பச்சை போய்விடும். அதனால் டின் மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஒட்டுவது என் வேலை.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் அவர் படுத்திருந்தபோது அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆம்பளை சைக்கிள், நடுவில் கம்பி. சேலை செயினில் மாட்டாமல் இருக்க, மலைத்தோட்டத்தில் காயெடுக்கிற பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டுவார்களே, அது மாதிரி சேலைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றார். பார்த்துவிட்டு, பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, பாத்து ஓட்டு என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பக்கத்து ஊர்களுக்கு நானே போனேன். மீன் காயவைக்கிற பெண்கள் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிடுவார்கள். மலைக்காரி சாக்கு மூட்டையாட்டம் போறா, யாராச்சும் லோடு இறக்குங்கடி என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக மிதிப்பேன்.

மறு வருசம் அவருக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டும் எழுந்து உட்காரத் தெம்பில்லை. அந்த நேரத்தில்தான் ஆத்துவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் தர்கா கந்தூரி வந்தது, ஊருக்கே நெய்ச்சோறு ஆக்கிப் போடுகிற விழா. அங்கே கடை வைத்திருந்த பாய்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. கந்தூரி அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டுவதற்குள் காய் வந்துவிட வேண்டும், வராவிட்டால் டவுன் வியாபாரியிடம் வாங்கிவிடுவேன், அப்புறம் அவரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கடை போனால் எங்களுக்குக் கடலோரத்தில் சோலியில்லை.

கந்தூரி அன்று காலை ரயிலில் பெரியத்தான் வந்து இறங்கினார், தம்பியைப் பார்க்க என்று. வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். நாளைக் காலை வண்டிக்கு எல்லாரும் கிளம்புவது. சாமான்களை இங்கேயே தள்ளிவிடுவது. சைக்கிளையும் விற்றுவிடுவது. தம்பி கொஞ்சம் தேறினால் போடிக் கடையில் உட்காரட்டும், அவளும் வரட்டும், காய் பொறுக்குற இடத்தில் ஆள் பற்றவில்லை என்று சொன்னார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மெதுவாக, இன்னைக்குக் காய் போயிட்டா கடை நிக்கும்ணே என்றார்.

"எவன் கொண்டு போறது? நீ எந்திரிச்சு நில்லு பாப்போம்."

நான் பின்வாசல் வழியாகப் போய் டின்களைச் சைக்கிளில் கட்டினேன். திரும்பி வந்து கதவிடுக்கில் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாக்கைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. பெரியத்தான் முகம் கழுவப் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, உச்சிக்கு முன்னாடி ஆத்துவாயத் தாண்டிரு, வெரசாப் போ என்றார். வெயிலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வெயில் எனக்குப் பெரிசா?

சாலையில் ஏறினதும் காற்று எதிரே வந்து நின்றது. முந்தல் மேடு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இந்தக் காற்றுக்கு முடிவு தெரியவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். உப்பளத்தில் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். அது கேலிதான். கேலி என்று தெரிந்தே இன்னும் இரண்டு மிதி கூடுதலாகப் போட்டேன். ஆத்துவாய்க்கு வந்து சேர்ந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது.

ஆத்துவாய் என்பது ஆறு கடலைத் தொடுகிற அகலமான மணல்வெளி. பாலத்துக்குச் சுற்றிப் போனால் அரை நாள். அதனால் எல்லாரும் கெட்டியான மணலில் இறங்கிக் குறுக்கே போவார்கள். நானும் இறங்கினேன். நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. எங்கள் ஊர்க் கொட்டக்குடி ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதென்றால் மலையில் மேகம் கருத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நின்று ஆறு வருகிற மேற்குப் பக்கம் பார்த்தேன். வெள்ளை வெயில். ஒரு துண்டு மேகம் இல்லை. சரி, இது ஏறுகிற தண்ணியில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதி தூரத்தில் முழங்கால். இன்னும் மேற்கையே பார்க்கிறேன், வானம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் மட்டும் ஏறுகிறது.

அந்தப் பக்கக் கரையில் ஒரு நடுவயதுப் பொம்பளை நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்.

"ஏ மலைக்காரி, அங்கிட்டு என்னத்தப் பாக்குற? தண்ணி உன் முதுகுப்பக்கமிருந்து வருது. கடலப் பாருடி."

திரும்பினேன். கடல் சத்தமே போடாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. உச்சிக்கு முன்னாடி என்று அவர் சொன்னது இதற்குத்தான். மழையில்லாமல் ஏறுகிற தண்ணீரை, அதுவும் கீழேயிருந்து மேலே போகிற தண்ணீரை, நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் வண்டியை விட்டுட்டு வா என்றாள். விடுவதற்கா வந்தேன்? டின்களை அவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக முந்தானையில் முடிந்து தலையில் வைத்து வலது கையால் பிடித்தேன். இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். ஓடுகிற சைக்கிளை ஒற்றைக் கையில் உருட்டிய கை அது, சேற்றிலும் விடவில்லை. இடுப்புச் சாக்கு தண்ணீர் குடித்து இரும்பாகக் கனத்தது. அவள் இறங்கி வந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே, உன்னைப் பெத்தவ என்னத்தத் தின்னு பெத்தா என்று திட்டினாள். கரையேறியதும் ஒரு டின்னை மோந்து பார்த்தாள். மெழுகு விடவில்லை. தண்ணியும் உள்ள போகல, வாசமும் வெளிய வரல, கெட்டிக்காரிதான் என்றாள். அந்தக் கடலோரத்தில் என்னை முதலில் மெச்சியவள் அவள்.

பாய் கடையில் டவுன் வியாபாரியின் ஆள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் இடுப்புவரை நனைந்து, சேறும் சாக்குமாகப் போய் நின்றேன். டின்களைப் பலகையில் வைத்தேன். பாய் மெழுகை நகத்தால் கீறித் திறந்து, ஒரு காயை வாயில் போட்டு மென்றார். அப்புறம் அந்த ஆளிடம், டீயக் குடிச்சிட்டுக் கெளம்புப்பா என்றார். என்னிடம், தங்கச்சி, தண்ணி எறங்குற வரைக்கும் உள்ள பொம்பளைகளோட இரு என்றார். இருந்தேன். அவர்கள் மாற்றுச் சேலை கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். சைக்கிளைத் தொட்டுப் பார்க்க வரிசையில் வந்தார்கள்.

திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும் என்று நம்பியிருந்தேன். அது திசை மாறிவிட்டது. போனபோதும் எதிர், வந்தபோதும் எதிர். சிரிப்பாக வந்தது. சரி, நீயும் பெரியத்தான் வம்சம்தான் என்று காற்றிடம் வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஆளில்லாத இடத்தில் எனக்கு நன்றாகப் பேச வரும்.

வீடு சேர்ந்தபோது இருட்டி வெகுநேரமாகியிருந்தது. பெரியத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் இருந்தார். பாதிச் சாமான் கட்டியிருந்தது. நான் எங்கே போனேன், போனது என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை. தம்பியைப் பார்த்து, வண்டி விடியக்காலையில, மிச்சத்தையும் கட்டச் சொல்லு என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. அவர் முன்னால் வந்து நின்றேன்.

"நாங்க வரல. காய் போய்ச் சேந்திருச்சு. நாளைக்கு உப்பளத்து ஊருக்குப் போகணும்."

பெரியத்தான் என்னைப் பார்க்கவில்லை. தம்பியிடம், உன் பொண்டாட்டி எங்கிட்டப் பேசுறா என்றார்.

"ஆமாண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். "கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ரெண்டு வார்த்தைக்காக அவருக்கு நான் எத்தனை டைபாய்டுக்கு வேண்டுமானாலும் கஞ்சி வைத்திருப்பேன்.

கட்டிய மூட்டைகளைப் பெரியத்தான் பார்க்கப் பார்க்கவே அவிழ்த்தேன். காலையில் அவர் தனியாகத்தான் கிளம்பினார். வாசலில் நின்ற சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். செயினில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பிறகு சுவரைப் பார்த்து, யாரிடமோ சொல்வது போல, செயினுக்கு எண்ணெய் போடச் சொல்லு, உப்புத் தண்ணி இரும்பத் தின்னுரும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் தேங்காயெண்ணெய்தான் இருந்தது. அதைத் தொட்டுச் செயின் முழுக்கத் தடவினேன். இரண்டு டின்னைக் கட்டினேன். தெருவில் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று ஏறி மிதித்தேன்.