ரோசத்துக்குக் கிளம்பாத கார்

மச்சான் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, காரில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்திச் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒருதரம் இருமியது. அப்புறம் செத்துப்போனது.

காமயகவுண்டன்பட்டியில் மச்சானுக்குத் திராட்சைத் தோட்டம். பழத்தைத் தேனி மார்க்கெட்டுக்கு ஏற்றப் பேசிவைத்த வேன் வரவில்லையென்று, நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து என் காரைக் கேட்டார். போன தடவை கொடுத்தபோது பின்சீட்டெல்லாம் பழச்சாறும் எறும்புமாகத் திரும்பி வந்தது.

"பெட்ரோல் சரியா ஏறல மச்சான். பாதி வழியில நின்னுரும்."

"அப்ப பழனிசெட்டிபட்டியில இருந்து தள்ளிக்கிட்டா வந்தீக? எங்களை நம்பலைன்னு நேராச் சொல்லுங்க."

"நம்பாமயா உங்க தங்கச்சியக் கட்டினேன்?"

"அதுல ஏமாந்தது நாங்க."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பாயசம் அப்போதுதான் வந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது வாசலில், நகராத காரில், பையும் கையுமாக மனைவி பக்கத்தில். மச்சான் படியில் நின்று சிரித்தார்.

"என்ன மாப்ளை, ரோசம் வந்த அளவுக்குப் பெட்ரோல் வரலையோ?"

இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். அதற்குள் எனக்குத் தெரிந்த ஒரே உறுப்பு வைப்பர் தண்ணி டப்பா. திறந்து பார்த்தேன். தண்ணி இருந்தது.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டாரை அவரே பிரித்து மாட்டுவார். அந்தத் திமிர் வேறு. "தள்ளுங்க. ஹாரன அடிங்க பாப்போம்."

அடித்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"பேட்டரி நல்லாருக்கு, உங்க வாய் மாதிரி." பிளக் ஒயரைக் கழற்றி இரும்பில் காட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது. "கரண்டும் வருது. அப்ப பெட்ரோல்தான்."

மச்சான் காரை எடுத்துப்போகாமல் இருக்கவே, பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரில் ஒரு கள்ள சுவிட்ச் மாட்டி, என் சீட்டுக்கடியில் ஒளித்துவைத்திருந்தேன். வந்து இறங்கியதும் அதை அணைத்தவன், ரோசத்தில் போட மறந்துவிட்டேன். அது மட்டும் அவர் கையில் சிக்கினால், "நம்பாமயா" என்று நான் பேசிய வசனம் அம்போ.

சீட்டில் உட்கார்ந்தபடி மெதுவாகக் குனிந்தேன். ஜன்னல் வழியே மச்சானும் குனிந்தார்.

"என்ன தேடுறீக?"

"செருப்பு."

"காலிலதான இருக்கு."

சுவிட்ச் விஷயம் மனைவிக்குத் தெரியும். அவள் எதிரே இருந்த தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற தென்னை. அன்றைக்கென்னவோ அதில் அவ்வளவு கவனம்.

"விடுங்க மச்சான், மெக்கானிக்க வரச் சொல்லிக்கிறேன்."

"சும்மா இருங்க. சாவியப் போட்டதும் பம்ப் சத்தம் கேக்கணும். கேக்கல." பின்சீட்டைத் தூக்கினார். அடியிலிருந்த பம்ப் ஒயரை விரலால் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். "இறங்குங்க."

இறங்கினேன். அவர் கை சீட்டுக்கடியில் போனது. டிக். பம்ப் விர்ரென்றது. சாவியைத் திருப்பினார்; முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. எனக்கு ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை, துரோகி.

திட்டுவார் என்று நின்றேன். பதிலுக்குத் திட்டவும் நாலு வார்த்தை வைத்திருந்தேன். அவர் தங்கையிடம் குனிந்தார்.

"ஏத்தா, இது என்ன?"

"எங்க தேனிப் பக்கம் திருட்டுப் பயம்னு மாட்டுனாக, அண்ணே."

"ஓ" என்றார். அவ்வளவுதான். போய்த் திராட்சைப் பெட்டிகளைத் தூக்கிவந்து காரில் ஏற்ற ஆரம்பித்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் ரெண்டு பெட்டி தூக்கிவைத்தேன்.

நான் ஓட்ட, முன்சீட்டில் அவர், பின்னால் பெட்டிகளுக்கு நடுவே மனைவி. அப்படியே தேனி மார்க்கெட் போய்ச் சேர்ந்தோம்.

பெட்டிகள் இறங்கியதும் என் பக்கம் சுற்றி வந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் கதவைத் திறந்து, என் காலுக்கிடையே கையை விட்டார். டிக்.

"இருக்கட்டும் மாப்ளை. இங்கன திருட்டுப் பயமாம்ல."

திரும்பிப் பார்க்காமல் போனார். வண்டி இருமி அடங்கியது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தவர், எடுக்கவே இல்லை.